நான்கே நான்கு அடையாளங்கள்

ஞானம் மரத்தடியில் பிறந்தது என்று சிலரும், மலைக்குகையில் பிறந்தது என்று சிலரும் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரு தரப்பாருக்கும் விவரம் போதாது. ஞானம் பிறந்தது பேருந்து நிலையக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு நேர் எதிரே, 'தவறிய பொருள் மீட்பு அலுவலகம்' என்ற பலகை தொங்கும் அறையில். பிறந்தபோது பக்கத்திலேயே இருந்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்வது என் கடமை.

அதற்கு முன்னால் நாங்கள் இருட்டில் கிடந்தோம். யாராவது பேருந்தில் குடையை விட்டுவிட்டுப் போவார்கள். நடத்துநர் கொண்டுவந்து போடுவார். மறுநாள் குடைக்காரர் மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க வந்து நிற்பார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் வைத்த பெயர் 'கிடங்கக்கா'. அவர்தான் விசாரிப்பார்.

"என்ன தொலைச்சீங்க?"

"குடைங்க."

"எப்படி இருக்கும்?"

"கைப்பிடி ஒடஞ்சுபோய் டேப் சுத்தியிருக்கும்."

அக்கா உள்ளே போவார், எடுத்துவருவார், கொடுத்துவிடுவார். மொத்தம் இரண்டு நிமிடம். கோப்பு கிடையாது, கூட்டம் கிடையாது, குறிப்பு கிடையாது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு பொருள்கூட ஆள் மாறிப் போனதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது எப்படி நடந்தது என்று யாராலும் விளக்க முடியவில்லை. விளக்க முடியாத வெற்றியைவிட விளக்கக்கூடிய தோல்வி மேல் என்பது எங்கள் இயக்குநரின் கொள்கை.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூளைப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார். அவர் திரையில் ஆறு வண்ணச் சதுரங்களைக் காட்டினார். கண் சிமிட்டும் நேரம்தான். திரை வெறுமையானது. மறுபடியும் ஆறு சதுரங்கள் வந்தன.

"ஏதாவது மாறியிருக்கா சார்?"

"எதுவும் மாறலை" என்றார் இயக்குநர்.

"சிவப்பு மஞ்சளாயிடுச்சு சார்."

"என் அனுமதி இல்லாமலா?"

நாங்கள் எல்லோரும் முயன்றோம். மூன்று சதுரம் வரை சிங்கமாக இருந்தோம். நான்கில் தடுமாறினோம். ஆறில் எல்லோரும் ஒரே குரலில் தப்பாகச் சொன்னோம். ஒற்றுமையில் எங்கள் அலுவலகத்தை மிஞ்ச ஆள் இல்லை.

பயிற்சியாளர் விளக்கினார். "பாத்த பொருள் கண்ணை விட்டுப் போனதும், மூளை அதை ஒரு சின்னப் பலகையில எழுதி வெச்சுக்குதுன்னு வெச்சுக்கங்க. பலகை ரொம்பச் சின்னது. மூணு, நாலு விஷயம்தான் நிக்கும். அஞ்சாவது வந்தா ஏதாவது ஒண்ணு கீழ விழும், இல்லன்னா எல்லாமே மங்கிப்போகும். அதோட, மூளை ஃபோட்டோ எடுக்கறதில்ல. அடுத்து என்ன செய்யப்போறோமோ அதுக்கு வேண்டியதை மட்டும்தான் தக்க வெச்சுக்கும். நெத்திப் பக்கம் இருக்கற பகுதி, 'இதை வெச்சுக்கோ, அதை விடு'ன்னு சொல்லும். பின்மண்டையில, பார்வை வந்து சேர்ற எடம், அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதாவது, முன்னால இருக்கறவர் உத்தரவு போடறார். பின்னால இருக்கறவங்க சொமக்கறாங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"நம்ம அலுவலகத்தைப் பாத்துத்தான் இயற்கை மூளையைப் பண்ணியிருக்கு" என்றார் இயக்குநர். கைதட்டினோம்.

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பிஸ்கட் தட்டை நோக்கி அலுவலகமே திரண்டது. பயிற்சியாளர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டே விஷயம். ரெண்டு பொருளை ஒண்ணா பாத்தா, இதோட நெறம் அதுல போய் ஒட்டிக்கும், ஜாக்கிரதை. முக்கியமா, நான் சொன்னதெல்லாம் சில விநாடி நெனவு. வருஷக்கணக்கா பழகின பொருளோட நெனவு வேற கணக்கு, அது இந்தப் பலகையிலயே இல்ல..." சர்க்கரை வியாதி இருப்பதால் கிடங்கக்கா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டக் குறிப்பில் அந்தப் பகுதியை நான் சுருக்கமாக, 'காலை 11.10: தேநீர்' என்று பதிந்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் 'நினைவு நெறிமுறை' வெளிவந்தது. ஒன்பது பக்கம். அதன் அழகை எடுத்துச்சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

பொருள் வந்ததும் 'பார்வை அலுவலர்' அதை மூன்று விநாடி பார்ப்பார். பிறகு, முன்பு துடைப்பம் வைத்திருந்த, இப்போது 'நினைவறை' என்று பெயர் பெற்ற பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கே நான்கு அடையாளங்களை நினைவிலிருந்து பதிவேட்டில் எழுதுவார். வெளியே வந்து மறுபடி பார்த்து எழுதினால் அது காப்பியடிப்பது. உரிமை கோரி வருபவரும் சரியாக நான்கு அடையாளம் சொல்ல வேண்டும். மூன்று சொன்னால் அவர் உரிமையாளர் இல்லை. ஐந்து சொன்னால், மனித மூளையில் நிற்காததைச் சொல்கிறார். ஆகவே எங்கேயோ மனப்பாடம் செய்துகொண்டு வந்த மோசடிக்காரர். நான்கும் பதிவேட்டோடு பொருந்தினால் பொருள் அவருடையது. பொருந்தாவிட்டால் பதினாறாம் நாள் இன்னொரு வாய்ப்பு. முப்பதாம் நாள் பழைய சாமான் வாங்கும் எடைக்காரர் வண்டி வரும். மிச்சமெல்லாம் எடைக்கு.

கிடங்கக்காவுக்கு ஒரு சந்தேகம். "பொருள் இங்கதானே சார் இருக்கு? எடுத்துப் பாத்துட்டா போச்சு?"

"பொருளையே பாத்துட்டா அப்புறம் ஞாபகத்துக்கு என்ன மரியாதை?" என்றார் இயக்குநர்.

பார்வை அலுவலராக அடியேன் நியமிக்கப்பட்டேன். முதல் மாதம் சோதனை மாதம். பதிவேட்டில் ஒரு திருத்தம்கூட இல்லாமல் மாதத்தை முடித்தால் 'முதுநிலை பார்வை அலுவலர்' பதவியும் சுழலும் நாற்காலியும் கிடைக்கும். என்னுடைய நாற்காலியின் ஒரு கால் குட்டை. பதினான்கு வருடமாக அதற்கு அடியில் பழைய சுற்றறிக்கைகளை மடித்து வைத்துத்தான் அரசுப் பணி ஆற்றிவருகிறேன்.

நெறிமுறை அமலான முதல் நாளே ஒரே பேருந்திலிருந்து இரண்டு பைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆறு விநாடி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று. பொதுமக்களின் நேரத்தில் மூன்று விநாடியை மிச்சப்படுத்தினேன். நினைவறையில் கண்ணை மூடியதும் இரண்டு பைகளும் பளிச்சென்று வந்து நின்றன. எழுதினேன். எண் 11: நீலம், பெரியது, ஜிப், இரண்டு கைப்பிடி. எண் 12: பச்சை, பெரியது, ஜிப், இரண்டு கைப்பிடி.

மறுநாள் காலை ஒரு தையல்காரம்மா வந்தார்.

"பையை பஸ்ஸுல விட்டுட்டேன் சார்."

"அடையாளம் சொல்லுங்க."

"பச்சைத் துணி சார். ஜன்னல் திரைக்கு வாங்கினதுல மிஞ்சினது, நானே தெச்சேன். பெரிசா இருக்கும். ஜிப்பு ஒரு பழைய ஜாக்கெட்டுல இருந்து பிரிச்சுப் போட்டது, பாதியில சிக்கும், லேசா மேல தூக்கி இழுத்தா வந்துடும். ரெண்டு கைப்பிடி, அதுல ஒண்ணு கால் இஞ்ச் நீளம் ஜாஸ்தி, அன்னிக்குக் கரன்ட் போயிடுச்சு. அடியில ரெட்டைத் துணி. உள்பக்கம் ஒரு பாக்கெட்டு, அதோட மூலையில எண்ணெக் கறை..."

ஐந்தாவது அடையாளத்திலேயே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வைக்கவில்லை. பதினேழில்தான் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"பதினேழு சொல்லிட்டீங்கம்மா."

"இன்னும் இருக்கு சார்."

"மூளையில நாலுதான் நிக்கும்."

"யார் மூளையில?"

"அறிவியல் அப்படிச் சொல்லுது."

"சார், எட்டு வருஷமா தெனமும் எடுத்து வெச்சுப் பழகின பை. அது ஒரு தடவை பாத்து ஞாபகம் வெச்சதில்ல. என் கையிலயே இருக்கு."

'பை தன் கையிலேயே இருப்பதாகக் கூறுகிறார். கையில் பை ஏதும் இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

அவர் விடவில்லை. "உள்ள என் கத்தரி இருக்கு சார். நான் இடதுகைக்காரி. அது இடதுகைக்குன்னே சொல்லிச் செஞ்சது. கடையில கெடைக்கறதெல்லாம் வலதுகைக்காரங்களுக்கு, அதுல வெட்டினா துணி மடங்குது, கோடு தப்பிப்போகுது. அளவு நோட்டும் அதுலதான் இருக்கு. எரநூறு பேரோட அளவு. அது ரெண்டும் இல்லாம ஒரு துணியில கை வைக்க முடியாது. என் பொழைப்பே அந்தப் பைக்குள்ளதான் சார் இருக்கு."

"பதினாறாம் நாள் வாங்க. நாலே நாலு சொல்லுங்க."

"அப்பவும் பொருந்தலைன்னா?"

"முப்பதாம் நாள் எடைக்குப் போகும்."

"கத்தரியுமா?"

"கத்தரிக்கு நல்ல எடை" என்று ஆறுதல் சொன்னேன்.

பதினாறாம் நாள் அலுவலகம் திறக்கும் முன்பே வந்துவிட்டார். "பச்சை. பெரிசு. ஜிப்பு. ரெண்டு கைப்பிடி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதிவேட்டைப் புரட்டினேன். எண் 12. நான்குக்கு நான்கு! அறிவியலின் முதல் வெற்றி. எழுந்து நின்று அவரை வாழ்த்தினேன்.

கிடங்கக்கா எண் 12-ஐக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உள்ளே இரும்பு 'டங்' என்றது. பை நீலமாக இருந்தது.

"இது என்னோடது இல்ல சார்" என்றார் தையல்காரம்மா.

"உங்களோடதுதான். நாலும் பொருந்துது."

"இது நீலம் சார்."

"பதிவேட்டுல பச்சை."

"உள்ள குழாய் ரென்ச் இருக்கு சார். பிளம்பர் பை இது."

கிடங்கக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சார், அன்னிக்கு ரெண்டு பையையும் ஒண்ணா பாத்தீங்க. இதோட நெறம் அதுக்கும் அதோட நெறம் இதுக்கும் போயிடுச்சு. பதினொண்ணுதான் இவங்களோடது. உள்ள கண்ணெதிர்லயே இருக்கு, பச்சையா. எடுத்துட்டு வரட்டுமா?"

விஷயம் கொள்கை மட்டத்துக்குப் போய்விட்டதால் இயக்குநரை அழைத்தோம். அவர் பையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வெளிச்சம் சரியில்லை."

"டியூப்லைட் எரியுது சார்."

"அதான் சரியில்லை."

"நெறம் மாறி ஒட்டிக்கும்னு அந்தப் பயிற்சிக்காரரே சொன்னாரு சார்" என்றார் கிடங்கக்கா.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "கூட்டக் குறிப்புல இருக்கா?"

"அந்த எடத்துல தேநீர்னு இருக்கு சார்."

"அப்ப தேநீர்தான்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தப் பை நீலமாகத்தான் தெரிந்தது. இரண்டு வரியில் இரண்டு சொல்லை அடித்து எழுதினால் தீர்ந்தது. பத்து விநாடி வேலை. ஆனால் அது சோதனை மாதத்தில் இரண்டு திருத்தம். சுழலும் நாற்காலி சுழன்று வேறு யாருடைய அறைக்காவது போய்விடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பச்சை மாதிரியும் இருக்கு சார்" என்றேன்.

தையல்காரம்மா கையெழுத்துப் போட மறுத்தார். எண் 12-க்கு நேரே 'நிலுவை' என்று எழுதினோம். அன்றிலிருந்து அவர் எங்கள் வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். என் மேஜையிலிருந்து பெஞ்சு ஆறடி தூரம். கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். காலையில் வருவார், மாலையில் போவார். மொத்தம் பதினோரு வேலை நாட்கள். நடுவில் ஒருநாள், "வீட்டுக்குப் போகலாமேம்மா, வேலை கெடாது?" என்று கேட்டேன். "வேலையே உங்க கிடங்குலதானே சார் இருக்கு" என்றார். பொதுமக்கள் அரசு அலுவலகத்தின் மீது வைத்திருக்கும் பற்றை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் மாலை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறைந்துவிடும்.

"தைக்கக் குடுத்த துணி அப்படியே கெடக்கு. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறதுன்னு தெரியல."

"ஏன், தையல்காரங்களுக்கு என்ன?"

"பையை பஸ்ஸுல விட்டுட்டாங்களாம். அளவு நோட்டு, கத்தரி எல்லாம் அதுலதான். ஏதோ ஆபீஸ்ல எடுத்து வெச்சுக்கிட்டு, ஒரு ஆளு தரவே மாட்டேங்கறானாம்."

"எல்லா ஆபீஸ்லயும் பொறுப்பில்லாதவங்க இருக்கத்தான் செய்யறாங்க" என்றேன் வருத்தத்தோடு.

"அந்த ஆளைப் பத்தி அவங்க சொன்னாங்க பாருங்க, அப்படியே நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு. இடது காதுக்குக் கீழ மிளகு அளவுக்கு ஒரு மச்சமாம். வலது தோள் இடது தோளை விட அரை இஞ்ச் எறக்கமாம், பாத்த பார்வையிலயே அளந்துட்டாங்க. யோசிக்கறப்ப பேனா மூடியைக் கடிப்பானாம். மூடி பூரா பல்லு தடமாம். சட்டையில மேலருந்து மூணாவது பொத்தான் மட்டும் பழுப்பு நூல்ல தெச்சிருக்காம். பொய் சொல்ல வர்றப்பல்லாம் கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பானாம்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

அவள் குரல் இன்னும் இறங்கியது.

"அந்தப் பொத்தானைத் தெச்சது நான். அன்னிக்கு வெள்ளை நூல் தீந்துபோச்சு."

நான் சாப்பாட்டில் கவனம் செலுத்தினேன்.

"நாளைக்கு முப்பதாவது நாளாமே?"

"ஆமா."

"குடுத்துடுங்க."

"பதிவேட்டுல நீலம்னு இருக்கு. நெனவு தப்பாது. அதுக்கு ஒரு முறை இருக்கு, உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரி. நிமிந்து பாக்காம சொல்லுங்க. நான் புதுக் கண்ணாடி மாத்தி ஒம்பது நாள் ஆச்சு. ஃப்ரேம் என்ன நெறம்?"

"நீலம்" என்றேன், அலுவலகப் பழக்கத்தில்.

அவள் கண்ணாடியைக் கழற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சிவப்பு.

முப்பதாம் நாள். எடைக்காரர் வண்டி நாலு மணிக்கு. இரண்டு மணியிலிருந்தே கிடங்கக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கட்டினார், எண் 11, எண் 12 இரண்டைத் தவிர. "கயிறு தீந்துபோச்சு சார்" என்றார். காலடியிலேயே ஒரு கயிற்றுக் கண்டு கிடந்தது. எடுத்துச்சொல்லலாம் என்று நினைத்தேன், ஏனோ சொல்லவில்லை.

மூன்றரைக்கு ஓர் ஆள் படியேறி வந்தார். பிளம்பர். வெளியூரில் ஒரு மாதம் கட்டட வேலையாம்; பை எந்த பஸ்ஸில் போனது என்று கண்டுபிடிக்கவே இவ்வளவு நாளாகிவிட்டதாம்.

"அடையாளம் சொல்லுங்க."

"நீலம். பெருசு. ஜிப்பு இருக்கும். ரெண்டு கைப்பிடி." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பையில வேற என்ன சார் இருக்கப்போகுது?"

நான்கு! தயாரிப்பு இல்லாமல், தூண்டுதல் இல்லாமல், இயற்கையாக நான்கு! நெறிமுறையை எழுதியவர்கள் இந்த மனிதரைத்தான் மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். எண் 11 என்று குரல் கொடுத்தேன். பச்சைப் பை வந்தது.

"இது என் பை இல்ல சார்."

"உங்க ஞாபகம் சரியா இருக்கு. பைதான் ஒத்துழைக்கல."

"சார், உள்ள கத்தரிக்கோல் இருக்கு. நான் குழாயைக் கத்தரிக்கோல்ல வெட்டறதில்ல."

"இப்ப கையெழுத்துப் போட்டா உங்களுக்கு. இல்லைன்னா நாலு மணிக்கு எடைக்கு."

பிளம்பர் என்னைப் பார்த்தார். பிறகு கிடங்கக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணால் வாசல் பெஞ்சைக் காட்டினார். "தம்பி, சும்மா கையெழுத்துப் போடுங்க. இது அறிவியல். நமக்குப் புரியாது."

அவர் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அடுத்த நிமிடமே தையல்காரம்மா உள்ளே வந்தார்.

"நிலுவையில இருக்கற பன்னெண்டாம் நம்பருக்குக் கையெழுத்துப் போடறேன் சார்."

"அது உங்க பை இல்லைன்னு சொன்னீங்களே?"

"மூளையில நாலுதான் நிக்குது சார். அதை மறந்துட்டேன்."

நீலப் பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். திறந்த கதவு வழியாக நான் பார்த்தேன். பெஞ்சின் மேல் இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் இடம் மாறின. பச்சைப் பையின் ஜிப் பாதியில் சிக்கியது. லேசாக மேலே தூக்கி இழுத்ததும் வந்துவிட்டது. உள்ளே இருந்து கத்தரி வெளியே வந்தது. காற்றில் இரண்டு தடவை 'சரக், சரக்' என்று வெட்டிப் பார்க்கும் சத்தம் என் மேஜை வரை கேட்டது. எனக்கு நெஞ்சில் என்னவோ இறங்கின மாதிரி நிம்மதியாக இருந்தது. ஓர் அலுவலர் வேலை நேரத்தில் அப்படி உணரலாமா என்று நெறிமுறையின் ஒன்பது பக்கத்திலும் தேடினேன், அனுமதி இல்லை.

மாத முடிவில் அறிக்கை போயிற்று. எண் 11, எண் 12 இரண்டும் அடையாளம் பொருந்தி ஒப்படைப்பு. திருத்தம்: இல்லை. வெற்றி: நூற்றுக்கு நூறு. சுழலும் நாற்காலி வந்தது. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வாசல் பெஞ்சு எதிரே வந்து போனது.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், பிளம்பர் மட்டும் நன்றியுள்ள மனிதராக இல்லாமல் இருந்திருந்தால். கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: 'உள்ளே முப்பது நாளில் முடியாத வேலை வெளியே பெஞ்சில் அரை நிமிடத்தில் முடிந்தது. பெஞ்சுக்கு நன்றி.'

இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம வாசல்லயே, அனுமதி இல்லாம, ஒரு போட்டி அலுவலகம் நடந்திருக்கு! அதுவும் அரை நிமிஷத்துல! யாரு நடத்தினது?"

"அந்தத் தையல்காரம்மாதான் சார். படிவத்துல பேரு, விலாசம் எல்லாம் இருக்கு" என்றேன்.

"பேரு கண்ணுக்குத் தெரியுமா? விலாசம் கண்ணுக்குத் தெரியுமா? நெறிமுறைப்படி அடையாளம்னா பார்வை அலுவலர் நெனவுல இருந்து எழுதற நாலுதான். ஆளை மறுபடி வாசல்ல பாத்தா பிடிக்கணும். பதினோரு நாள் உங்க எதிர்லயே உக்காந்திருந்தாங்க இல்ல? போய் எழுதிட்டு வாங்க."

நினைவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பழைய துடைப்ப வாடை இன்னும் போகவில்லை. கண்ணை மூடினேன். பச்சைப் பை உடனே வந்தது: ஜிப், எண்ணெய்க் கறை, கால் இஞ்ச் நீளமான கைப்பிடி, பதினேழும் வந்தன. அந்தப் பக்கம், பெஞ்சில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள். உயரமா குள்ளமா? வயது முப்பதா ஐம்பதா? கண்ணாடி போட்டிருந்தாரா? ஒன்றும் வரவில்லை. மேலே எழுதியதைப் புரட்டிப் பாருங்கள். அவர் முகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? அவரோ என் மூன்றாவது பொத்தானின் நூல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

என் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறோமோ அதற்கு வேண்டியதை மட்டும்தான் மூளை வைத்துக்கொள்ளும் என்று பயிற்சியாளரே சொன்னார். அவர் விஷயத்தில் நான் அடுத்துச் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இல்லை என்று சொல்வது. அதற்கு முகம் தேவைப்படவில்லை.

கிடங்கக்கா கதவைத் தட்டினார். "சார், இயக்குநர் கேக்கறாரு. நாலு வந்துச்சா இல்லையா?"

வந்தது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே படிவத்தில் எழுதினேன். திருத்தம் ஏதும் செய்யவில்லை.

ஒன்று: பெண்.

இரண்டு: பதினோரு நாள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று: பை அவருடையது.

நான்கு: அது எனக்குத் தெரிந்திருந்தது.